கூட்டாளி கையைத் தொடு!

"டோக்கியோவுக்கு வர்றவங்க ஃப்யூஜி மலையைப் பார்ப்பாங்க, புத்தர் கோயிலைப் பார்ப்பாங்க. குஸ்தி பார்க்கணும்னு ஒத்தைக் கால்ல நிக்கிற ஆள் நீங்க ஒருத்தர்தான்!" என்றாள் என் மனைவி.

முதலிலேயே ஓர் உண்மையை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தப் பயணத்துக்கு ஸ்பான்சர் அவள்தான். அவள் கம்பெனியில் இரண்டு வார டிரெயினிங். ஓட்டல் அறை எப்படியும் கிடைக்கிறது. ஒரு ஆளுக்கான விமான டிக்கெட் மட்டும்தான் நம் செலவு. பி.காம் படித்தவனுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பெட்டியோடு பெட்டியாக ஒட்டிக்கொண்டேன்.

குஸ்தி என்று அவள் சொன்னது, நீங்களும் நானும் ஸ்கூல் காலத்தில் பைத்தியமாகத் திரிந்தோமே, அந்த ரெஸ்லிங். டிரம்ப் கார்டு ஞாபகம் இருக்கிறதா? உயரம், எடை, மார்பளவு என்று போட்டு, ரப்பர் பேண்ட் சுற்றி, ஜாமெட்ரி பாக்ஸுக்குள் ஒளித்து வைப்போமே! எனக்கு அந்தப் பைத்தியம் தெளியவே இல்லை.

எனக்கு மட்டுமல்ல, கேனுக்கும்தான்.

கேன் என்பது அவன் நிஜப் பேர் இல்லை. திருச்சி உறையூரில் எங்கள் தெருவில் ஆளுக்கொரு பட்டம் உண்டு. ஒல்லியாக, முகத்தில் முடி விழ நடப்பேன் என்பதால் நான் அண்டர்டேக்கர். என்னைவிட ஒரு சுற்றுப் பெருத்தவன், அதிகம் பேசாதவன் என்பதால் அவன் கேன். டி.வி.யில் அந்த இருவரும் அண்ணன் தம்பி என்று கதை கட்டி ஜோடி சேர்த்தார்கள். மொட்டை மாடியில் பாயை விரித்து, கொடிக் கயிற்றை நாலு பக்கமும் இழுத்துக் கட்டி, நாங்களும் ஜோடி சேர்ந்தோம். எதிர் ஜோடி, பக்கத்து வீட்டு இரட்டையர்கள். எத்தனை முறை ஜெயித்தோம் என்று கேட்காதீர்கள். பாய் கிழிந்ததற்கு வாங்கிய அடிதான் கணக்கில் இருக்கிறது.

ஒரே பெஞ்ச், ஒரே காலேஜ், ஒரே பி.காம். 2010-ல் இரண்டு பேரும் சேர்ந்து தில்லை நகரில் ஒரு ஜெராக்ஸ் கடை போட்டோம். நாலு கம்ப்யூட்டர், ஒரு மெஷின், சுவரில் வெங்கடாசலபதி. நாலு வருஷம் ஓடியது. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை காலை கடைச் சாவியை என் அம்மாவிடம் கொடுத்துவிட்டு அவன் கிளம்பிவிட்டான். சாயங்காலத்தில் ஜப்பான் மொழி படித்துக்கொண்டிருந்தான் என்பதே எனக்கு அப்புறம்தான் தெரியும். மெஷின் லோன் பாக்கி, வாடகை பாக்கி எல்லாம் என் தலையில். பத்து வருஷத்துக்கு மேல் பேச்சு வார்த்தை கிடையாது.

அவன் இருப்பது டோக்கியோவில்.

"இவ்வளவு தூரம் வந்துட்டு போன்கூடப் பண்ணாம போகப் போறீங்களா?" என்று மூன்றாம் நாள் ராத்திரி மனைவி கேட்டாள். பண்ணினேன். "ஹலோ"வுக்குப் பிறகு அரை நிமிடம் இரண்டு பக்கமும் சத்தமில்லை. அப்புறம் அவன் கேட்டது இதுதான்.

"மேட்ச் பார்க்கப் போலாமா?"

* * *

சனிக்கிழமை காலை ஷிம்பாஷி ஸ்டேஷன் வாசலுக்கு வரச் சொல்லியிருந்தான். அங்கே ஒரு பழைய நீராவி இன்ஜினைக் கொண்டுவந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். டோக்கியோ குமாஸ்தாக்கள் ஒருவரை ஒருவர் சந்திக்கும் இடம் அதுதான். ஆபீஸ் விட்டு மது அருந்தப் போகும் வெள்ளைச் சட்டைக்காரர்களைப் பேட்டி எடுக்க டி.வி.க்காரர்கள் மைக்கோடு வருவதும் இங்கேதானாம். நம் ஜாதி!

கேன் இளைத்திருந்தான். நான் பெருத்திருந்தேன். டிரம்ப் கார்டில் எடை என்று கேட்டிருந்தால் அன்று நான்தான் ஜெயித்திருப்பேன். கை குலுக்கவா, தோளில் தட்டவா என்று தெரியாமல் இரண்டு பேரும் இன்ஜினையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"ஜப்பான்ல ரெஸ்லிங் ஆரம்பிச்சதே இங்கதான்னு சொல்லலாம்" என்றான் கடைசியில்.

அது ஒரு நல்ல கதை. 1954 பிப்ரவரி 19. யுத்தத்தில் தோற்று ஒன்பது வருஷம்கூட ஆகவில்லை. டி.வி. ஒளிபரப்பு தொடங்கி ஒரு வருஷம்தான். வீட்டில் டி.வி. வாங்கும் வசதி யாருக்கு இருக்கிறது? அதனால் தெருமுனைகளில் உயரமாகப் பெட்டியை வைத்திருந்தார்கள். ஷிம்பாஷியில் அன்று எள் போட்டால் விழாத கூட்டம். குராமேயில் இருந்த சுமோ அரங்கில் ரிக்கிடோசான், மசஹிகோ கிமுரா ஜோடி ஒரு பக்கம். மைக், பென் ஷார்ப் சகோதரர்கள் எதிர்ப்பக்கம். ரிக்கிடோசான் கையை விரித்து வெள்ளைக்காரன் மார்பில் கராத்தே வெட்டு வெட்ட வெட்ட, தெருவில் நின்ற ஜனங்கள் அமெரிக்காவையே அடித்த மாதிரி குதித்தார்கள். இதில் இரண்டு வேடிக்கை. ஷார்ப் சகோதரர்கள் அமெரிக்கர்களே அல்ல, கனடாக்காரர்கள். ஜப்பானின் மானம் காத்த ரிக்கிடோசான் பிறந்தது கொரியாவில்!

கவனித்தீர்களா? ஒரு தேசமே ரெஸ்லிங் பைத்தியமானது ஒண்டிக்கு ஒண்டி சண்டையைப் பார்த்து அல்ல. டேக் டீம் மேட்ச் பார்த்து.

விதி தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: ஒரு பக்கத்துக்கு இரண்டு பேர். ஒருவர்தான் உள்ளே இருக்கலாம். மற்றவர் மூலையில் கயிற்றுக்கு வெளியே காத்திருக்க வேண்டும். உள்ளே இருப்பவர் வந்து கையைத் தொட்டால்தான் வெளியே இருப்பவருக்கு உரிமை. அவ்வளவுதான்.

"அந்த ஜோடி அப்புறம் என்னாச்சுன்னு தெரியும்ல?" என்றான் கேன்.

தெரியும். கிமுரா சாமானியர் அல்ல. ஜூடோவில் பெரிய சாம்பியன். 1951-ல் பிரேசிலுக்குப் போய் ஹேலியோ கிரேசியைத் தோற்கடித்தவர். அந்தக் கைப்பூட்டுக்கு இன்றும் உலகம் முழுக்க 'கிமுரா' என்றே பெயர். ஆனால் ஜோடியாக இறங்கும்போதெல்லாம் அடி வாங்குவது கிமுரா, கடைசியில் வந்து கைதட்டல் வாங்குவது ரிக்கிடோசான். பொறுத்துப் பார்த்த கிமுரா, 'நிஜமாக மோதினால் ஜெயிப்பது நான்தான்' என்று பகிரங்கமாகச் சொல்லிவிட்டார். அதே வருஷம் டிசம்பர் 22-ம் தேதி இருவரும் எதிரெதிரே நின்றார்கள். டிரா என்று பேசி வைத்திருந்தோம் என்பது கிமுரா கடைசிவரை சொன்ன வாதம். நடந்தது வேறு. ரிக்கிடோசான் திடீரென்று நிஜ அடி அடித்தார். கிமுரா ரத்தத்தில் விழுந்தார்.

"பிப்ரவரியில பார்ட்னர்ஷிப், டிசம்பர்ல டிஸல்யூஷன்" என்றேன். சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

* * *

ரயிலில் போகும்போது பேச்சு கொஞ்சம் சூடு பிடித்தது. ரெஸ்லிங் ரசிகர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் முடிவே இல்லாத விவாதம் ஒன்று உண்டு. ஜோடி பிரிந்தால் யார் தேறுவார்?

ஷான் மைக்கேல்ஸும் மார்ட்டி ஜானட்டியும் 'ராக்கர்ஸ்' என்ற பேரில் ஜோடியாக இருந்தார்கள். 1992 ஜனவரியில் ஒரு டி.வி. நிகழ்ச்சியில் மைக்கேல்ஸ் பார்ட்னரை உதைத்து, கண்ணாடி ஜன்னலோடு சேர்த்துத் தூக்கி எறிந்தார். அப்புறம் அவர் உலக சாம்பியன். ஜானட்டி? அதன் பிறகு எந்த ஜோடியைப் பார்த்தாலும் ரசிகர்கள் கேட்கிற கேள்வியே 'இதில் யார் ஜானட்டி?' என்பதுதான். ஒரு மனிதனின் பேரே 'பின்தங்கியவன்' என்பதற்கு மறுபெயர் ஆகிவிட்டது!

"ஒருத்தன் துரோகம் பண்ணினாதான் இன்னொருத்தன் ஸ்டார் ஆக முடியும். அதான் ரெஸ்லிங் ஃபார்முலா" என்றேன், கொஞ்சம் அழுத்தியே.

"ஏன், பிரெட் ஹார்ட் இல்லையா?" என்றான் அவன். "நீட்ஹார்ட்டோட ரெண்டு தடவை டேக் சாம்பியன். 91-ல தனியா போய் மிஸ்டர் பர்ஃபெக்ட்டை ஜெயிச்சான். யாரும் யாரையும் ஜன்னல்ல தூக்கிப் போடலை. மச்சான் மச்சானாவே இருந்தாங்க."

நிஜத்திலேயே அவர்கள் மச்சான்கள்தான். பிரெட்டின் அக்காவைக் கட்டியவர் நீட்ஹார்ட்.

"எட்ஜ் - கிறிஸ்டியன்? ஹார்டி பாய்ஸ்?" என்று நான் விடவில்லை. 2001 ரெஸில்மேனியாவில் அந்த இரண்டு ஜோடியும் டட்லி ஜோடியும் ஏணி, மேஜை, நாற்காலி எல்லாவற்றையும் வைத்து மோதியதைப் பார்த்துவிட்டுத்தான் நாங்கள் வீட்டு ஏணியை உடைத்தோம். அதில் எட்ஜ் பெரிய சாம்பியன் ஆகி, கழுத்துக் காயத்தால் 2011-ல் ஓய்வு பெற்று, யாரும் எதிர்பாராமல் 2020-ல் திரும்பி வந்தார். ஜெஃப் ஹார்டி 2008-ல் உலக சாம்பியன். அண்ணன் மாட் ஹார்டி அந்த உயரத்துக்குப் போகவில்லை என்பது என் கட்சி. மாட் இல்லாவிட்டால் ஜெஃப்பே இல்லை என்பது அவன் கட்சி.

"சரி, நிஜ கேன் என்ன ஆனான் தெரியும்ல? 2018-ல டென்னஸியில நாக்ஸ் கவுன்ட்டிக்கு மேயர் ஆயிட்டான்" என்றேன்.

"நான் இன்னும் ஐ.டி. சப்போர்ட்லதான் இருக்கேன்" என்றான். இந்த முறை சிரித்தான்.

குடான்ஷிடாவில் இறங்கி அகழியைத் தாண்டினால் புடோகான். 1964 ஒலிம்பிக்ஸ் ஜூடோவுக்காகக் கட்டியது. எட்டு மூலைக் கூரை, உச்சியில் தங்க நிறத்தில் வெங்காயம் மாதிரி ஒரு கலசம். பீட்டில்ஸ் 1966-ல் பாடியதும், முகமது அலியும் அன்டோனியோ இனோகியும் 1976-ல் 15 ரவுண்டு டிரா செய்ததும் இங்கேதான். ஆனால் நான் பார்க்க வந்தது வேறு இரண்டு ராத்திரிகளுக்காக.

ரிக்கிடோசானின் சீடர்கள் இருவர். பேஸ்பால் பந்து வீசிக்கொண்டிருந்த ஆறே முக்கால் அடி ஜயன்ட் பாபா. பிரேசிலில் இருந்து கூட்டி வரப்பட்ட இனோகி. 1960 செப்டம்பர் 30 அன்று ஒரே மேடையில் இருவரும் அறிமுகம். குரு 1963-ல் ஒரு நைட் கிளப்பில் கத்திக்குத்துப் பட்டு இறந்தபின் இந்த இருவரும் ஜோடி சேர்ந்தார்கள். எதிரே வந்த ஜோடிகள் எல்லாம் காலி. 1971 கடைசியில் நிர்வாகத் தகராறு. இனோகி வெளியே தள்ளப்பட்டார். அடுத்த வருஷமே ஆளுக்கொரு கம்பெனி! இனோகி 'நியூ ஜப்பான்', பாபா 'ஆல் ஜப்பான்'. ஒரே தெருவில் எதிரெதிரே இரண்டு ஜெராக்ஸ் கடை போட்ட மாதிரி.

பிறகு 1979 ஆகஸ்ட் 26. ஒரே ஒரு ராத்திரிக்கு இருவரும் இதே புடோகானில் மறுபடி ஒரே மூலையில் நின்றார்கள். எதிரே அப்துல்லா தி புட்சர். கூடவே நம் பஞ்சாபில் பிறந்து கனடாவில் குடியேறிய டைகர் ஜீத் சிங். ஜீத் சிங்கை அமுக்கி ஜெயித்தார் இனோகி. மேடையிலேயே, அடுத்த முறை நாம் இருவரும் மோதுவோம் என்று பாபாவிடம் கேட்டார். அந்த அடுத்த முறை வரவே இல்லை. 1999-ல் பாபா போய்விட்டார். 2022-ல் இனோகி.

இன்னொரு ராத்திரி 1995 ஜூன் 9. மிசாவா, கோபாஷி ஜோடிக்கு எதிராக கவாடா, தாவுவே. 40 நிமிடத்துக்கு மேல் நடந்த மேட்ச். கோபாஷியின் கால் ஏற்கெனவே காயம். நிற்கக்கூட முடியவில்லை. கடைசியில் எதிரிகள் மிசாவாவை முடிக்க வரும்போது, கோபாஷி தவழ்ந்து போய் கூட்டாளியின் உடம்பின் மேல் விழுந்து மறைத்துக்கொண்டார். அடி என் மேல் விழட்டும் என்று. காப்பாற்ற முடியவில்லை. மிசாவா தோற்றார். கவாடா அவரை அமுக்கி ஜெயித்தது அதுதான் முதல் தடவை.

"ரெஸ்லிங் பொய்னு சொல்றவங்களுக்கு நான் இதைத்தான் போட்டுக் காட்டுவேன்" என்றான் கேன். "முடிவு பேசி வெச்சதுதான். வலி பேசி வெச்சது இல்ல."

அதே மிசாவா 2009 ஜூன் 13 அன்று ஹிரோஷிமாவில் ஒரு டேக் மேட்ச்சில் விழுந்தார். எத்தனையோ ஆயிரம் முறை வாங்கியிருக்கக்கூடிய சாதாரணமான பின்பக்க வீச்சு. எழுந்திருக்கவில்லை. வயது 46. வீசியவர் அகிடோஷி சைட்டோ. அது விபத்துதான். அவரால்தான் அதை இறக்கி வைக்க முடியவில்லை. தொடர்ந்து மோதினார். 2024-ல்தான் ஓய்வு பெற்றார்.

புடோகான் வாசலில் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

* * *

அங்கிருந்து நடந்தே சுய்தோபாஷி போய்விடலாம். டோக்கியோ டோம் என்ற ராட்சச வெள்ளைக் கூடாரம்; பக்கத்தில் அலறிக்கொண்டு ஓடும் ரோலர் கோஸ்டர். இதற்கு நடுவே, நம் ஊர் கூட்டுறவு வங்கிக் கட்டடம் மாதிரி அடக்கமாக நிற்கிறது கொரகுவென் ஹால். 1962-ல் திறந்தது. ஐந்தாவது மாடியில் அரங்கம். லிஃப்டில் ஏறாதே என்று கேன் படிக்கட்டில் இழுத்துப் போனான். இந்தப் படிக்கட்டுச் சுவர்கள் ரசிகர்களின் கிறுக்கல்களுக்குப் பேர் போனவை. யார் பெரியவன் என்கிற விவாதம் இங்கே வாயோடு நிற்பதில்லை, சுவருக்கும் ஏறிவிடும். எங்கள் காலேஜ் பஸ் சீட்டின் பின்பக்கம் ஞாபகம் வந்தது.

உள்ளே சுமார் இரண்டாயிரம் பேர்தான் கொள்ளும். எங்கே உட்கார்ந்தாலும் மேடை பக்கத்தில்தான். நெஞ்சில் அடி விழுந்தால் அந்தச் சத்தம் நம் நெஞ்சில் கேட்கிறது. மேலே பால்கனியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற கூட்டம் ஒன்று. பேர் சொல்லி அறிவித்ததும் நாலு பக்கமிருந்தும் கலர் காகித நாடாக்கள் பறந்து வந்து விழுகின்றன. அடுத்த நிமிடம் அதை வாரிச் சுருட்டி ஓரத்தில் போடுகிறார்கள். ஜப்பான் அல்லவா!

எனக்கு அடுத்த சீட்டில் சூட் போட்ட பெரியவர், மடியில் பிரீஃப்கேஸ், கையில் பீர். எந்த ஊர் என்று கேட்டார். இந்தியா என்றேன்.

"டைகர் ஜெட் சிங்!" என்று அலறி பிரீஃப்கேஸைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டார்!

ஜீத் சிங் மேடைக்கு வரும்போது கையில் வாளோடு வருவார். 1973-ல் ஷின்ஜுகு கடைத் தெருவில், மனைவியோடு வந்த இனோகியை நட்ட நடு ரோட்டில் அடித்து, போலீஸ் வரை போன ஆசாமி அவர். அரை நூற்றாண்டு கழித்தும் நம் தேசத்தின் தூதர் அவர்தான் போலிருக்கிறது. என்னிடம் வாள் இல்லை, மனைவி கொடுத்தனுப்பிய தண்ணீர் பாட்டில் மட்டும்தான் என்று கேன் மொழிபெயர்த்ததும் பெரியவர் சமாதானமாகி, எனக்கும் கொஞ்சம் வறுகடலை தந்தார்.

79 புடோகான் மேட்ச்சை அவர் பையனாக இருந்தபோது அப்பாவோடு நேரில் பார்த்தவராம்! பாபா பெரியவரா, இனோகி பெரியவரா என்று விடாமல் கேட்டேன். அவர் சொன்னதை கேன் தமிழில் சொன்னான்.

"இவங்க அப்பா பாபா கட்சி. நிதானம், கொடுத்த வாக்கு தவற மாட்டார், கம்பெனியைக் கட்டிக் காப்பாத்தினவர்னு. இவர் இனோகி கட்சி. துணிச்சல்காரர், அலியையே கூப்பிட்டுக் கடனாளி ஆனவர்னு. தினமும் ராத்திரி சாப்பாட்டுல சண்டையாம். அந்த ஒரு ராத்திரி மட்டும் சண்டை போடாம, ஒரே ரயில்ல தோள் மேல கை போட்டுக்கிட்டு வீட்டுக்கு வந்தாங்களாம். அதனால அந்த மேட்ச்தான் பெரிசுங்கறார்."

மூன்றாவதோ நான்காவதோ ஒரு டேக் மேட்ச். ஒரு மூலையில் முழங்கால் இரண்டிலும் பட்டை கட்டிய பழைய ஆள்; கூட வெறும் கறுப்பு டிராயரில் ஒரு புதுப் பையன். எதிரே முகமூடி ஜோடி. பையனை உள்ளே வைத்துப் பிழிந்து எடுத்தார்கள். பத்து நிமிடம். ஒவ்வொரு தடவையும் தவழ்ந்து மூலைக்கு வருவான். பழைய ஆள் கயிற்றுக்கு வெளியே உடம்பையே கிழித்துக்கொள்வது மாதிரி கையை நீட்டுவார். ஒரு விரற்கடை தூரம். முகமூடி காலைப் பிடித்து இழுத்துவிடுவான். அரங்கம் முழுக்கத் தரையில் காலால் தட்டுகிறது. பீர்ப் பெரியவர் எழுந்து நிற்கிறார். நான் என்னை மறந்து, "தொடுடா! தொடுடா!" என்று தமிழில் கத்திக்கொண்டிருக்கிறேன்.

"இந்த மேட்ச்சுல யார் பாவம்னு நினைக்கிற?" என்று கேட்டான் கேன், மேடையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"இதென்ன கேள்வி? அந்தப் பையன்தான். அடி வாங்கறான்ல!"

"எனக்கு வெளியில நிக்கிறாரே, அவர்தான் பாவம்னு தோணும்."

நான் திரும்பிப் பார்த்தேன்.

"கடையில நாலு வருஷம் நான் அங்கதாண்டா நின்னேன். கல்லா நீ. பேங்க் கையெழுத்து நீ. கஸ்டமர் வந்தா நீ. லோன்காரன்கிட்டப் பேசறதும் நீ. ராத்திரி வந்து 'நான்தான் எல்லா அடியும் வாங்கறேன்'னு திட்டறதும் நீ. நான் கையை நீட்டிக்கிட்டே இருந்தேன். நீ ஒரு தடவைகூட வந்து தொடலையேடா, மாப்ள..."

மேடையில் பையன் குட்டிக்கரணம் போட்டுத் தப்பித்து, பாய்ந்து, கையைத் தொட்டுவிட்டான். அரங்கமே இடிந்தது. பழைய ஆள் உள்ளே புகுந்து இரண்டு முகமூடிகளையும் பந்தாடினார். நான் கைதட்ட மறந்துபோய் உட்கார்ந்திருந்தேன்.

1932-ம் வருஷ கூட்டாண்மைச் சட்டத்தை நான் நெட்டுருப் போட்டவன். பத்திரம் எழுதாவிட்டாலும் லாபமும் நஷ்டமும் சமம், நிர்வாகத்தில் பங்கேற்க எல்லாக் கூட்டாளிக்கும் உரிமை உண்டு. பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். பத்து வருஷமாக நான் ஜானட்டி என்று நினைத்துக் கண்ணாடிச் சில்லுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். அவன் கணக்கில் நான் ரிக்கிடோசான்.

"சொல்லாம போனது தப்புதான்" என்றான். "அதுக்கு என்னால எந்த நியாயமும் சொல்ல முடியாது."

"நீ சொல்லியிருந்தா நான் கேட்டிருக்க மாட்டேன்" என்றேன். அது நிஜம்.

* * *

ராத்திரி சுய்தோபாஷி ஸ்டேஷன். கேன் கார்டைத் தட்டிவிட்டு உள்ளே போய்விட்டான். பின்னாலேயே நான் தட்டினேன். 'பீங்' என்று ஒரு சத்தம். இரண்டு பக்கமும் தடுப்பு வந்து வயிற்றில் இடித்தது. கார்டில் காசு இல்லை! பர்ஸைத் திறந்தால் அதிலும் சில்லறைதான். பின்னால் அரங்கம் விட்டு வந்த கூட்டம் மரியாதையாக நிற்கிறது. யாரும் திட்டவில்லை. அதுவே அவமானமாக இருந்தது.

தடுப்புக்கு அந்தப் பக்கம் கேன். இந்தப் பக்கம் நான். அவன் ஆயிரம் யென் நோட்டு ஒன்றை எடுத்து, உடம்பை வளைத்து, கையை நீட்டினான்.

"வாங்கி ரீசார்ஜ் பண்ணிட்டு வாடா. லாஸ்ட் டிரெய்ன் போயிரும்."

நோட்டை வாங்கிக்கொண்டேன். கையை விடவில்லை. வரிசையில் எங்களுக்குப் பின்னால் நின்ற பீர்ப் பெரியவர் பிரீஃப்கேஸைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பலமாகக் கைதட்டினார்.

ஓட்டலுக்கு வந்ததும் மனைவி அன்றைய செலவுக் கணக்கைக் கேட்டாள். ஆயிரம் யென்னைக் கடன் என்று எழுதப் போனாள். நான் தடுத்தேன்.

"அதைக் கடன்ல எழுதாதே. கூட்டாளி போட்ட முதல்னு எழுது."